பழி எல்லாம் பிரேக்குக்குத்தானா?

கொடுமுடியில் ஒரு பையன். பத்து வருஷம் ஓடிய, ஏபிஎஸ் இல்லாத ஒரு செகண்ட் ஹேண்ட் கார். இப்படி ஒருத்தரை சும்மா வைத்துக்கொள்வோம். கொங்கு நாட்டில் தேடினால் ஊருக்கு நாலு பேர் நிஜமாகவே கிடைப்பார்கள். காசு சேர்த்து வைத்து, நூறு கிலோமீட்டர் சொச்சம் ஓட்டிக்கொண்டு, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறார். மூணாவது சுற்றில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் பிரேக்கை அழுத்தினதும் வண்டியின் பின்பக்கம் வாலாட்டுகிறது. நாலாவது சுற்றில் வண்டியே தட்டாமாலை சுற்றி மண்ணில் போய் நிற்கிறது.

சுற்றி நிற்கும் கூட்டம் உடனே தீர்ப்பு எழுதிவிடும். ஒரு கட்சி, "பேட் போயிருக்குதுங் தம்பி, மாத்தீரலாமுங்" என்னும். இன்னொரு கட்சி, "வண்டியெல்லாம் நல்லாத்தானுங் இருக்குது, தம்பிக்குத்தான் ஓட்டத் தெரியலீங்" என்னும். இரண்டு கட்சியிலும் ஒருத்தர்கூட குனிந்து பின் டயரைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தப் பழக்கத்துக்குப் பெயர் அனுபவம் இல்லை, சோம்பேறித்தனம். பி.காம். படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு மூடி வைக்கலாம். கணக்கு டேலி ஆன மாதிரி இருக்கும். தப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும். காரணம் தெரியாமல் மாட்டுகிற பிரேக் பேட் அந்த மாதிரி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்தான்.

சரி, வண்டி என்னதான் சொல்ல வருகிறது? அது பேசுகிற பாஷை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பெடல் மெத்தென்று உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது லைனில் காற்று இருக்கிறது. டாட் 3 ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரத்தைக் குடித்த பிறகு 140 தாங்கினாலே போதும் என்பதுதான் விதி. ரெண்டு மழைக்காலம் பார்த்த ஆயிலை டிராக்குக்குக் கொண்டுபோனால் அது கொதிக்காமல் என்ன செய்யும்? பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை விட்டுவிட்டது. ஒரு பக்கமாக இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம். ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்கைப் பாருங்கள்.

வாலாட்டுவது இதிலிருந்தெல்லாம் வேறு ஜாதி. பிரேக் அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் டயர்கள் லேசாகி, ரோட்டைப் பிடிக்கும் சக்தி குறைகிறது. அந்த நேரத்தில் பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி திரும்பி நிற்கும். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் ஸ்டியரிங் வேலை செய்யாது, ஆனால் வண்டி நேராகவாவது போகும். கார் கம்பெனிகள் முன்பக்கம் அதிக பிரேக் வைப்பது இதனால்தான். இப்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முன்னால் மட்டும் ரேஸிங் பேட் மாட்டிவிடுகிறார்கள். அந்த மாதிரி பேட் பல சூடேறும் வரை பிடிக்காது. முதல் சுற்றுகளில் முன் பிரேக் தூங்கும், பின் பிரேக் விழித்திருக்கும். வாலாட்டத்தைக் காசு கொடுத்து வாங்கின கதை!

ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த பேட்?" இல்லை. "எப்போது ஆட்டுகிறது?" என்பதுதான். நேராகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஆட்டுகிறதா? அப்படியானால் பின் சக்கரத்தின் கோணம், தேய்ந்த புஷ், பின் டயர், முன் பின் பிரேக் பங்கீடு ஆகியவற்றில் தேட வேண்டும். திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ஆட்டுகிறதா? அப்படியானால் பிரேக் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? டயர், காற்று, ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட், அப்புறம் வேண்டுமானால் ஓட்டினவரின் கால். முன் டயர் சீக்கிரம் தேய்கிறது என்று புது டயர் ரெண்டையும் முன்னால் போட்டு, மொட்டை டயரைப் பின்னால் தள்ளும் நம்மூர் சிக்கனமும் இந்தப் பட்டியலில் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம். கொத்தனார் பிடிக்கிற நூல் போதும். காரின் ரெண்டு பக்கமும் நேராக நூல் கட்டி, பின் ரிம்மின் முன் விளிம்பும் பின் விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால், சக்கரம் வெளியே பார்க்கிறதா உள்ளே பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தை ஆட்டிப் பார்த்தால் பேரிங் சொல்லும். சுற்று முடித்து வந்ததும் காற்றை அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

"ஓட்டத் தெரியலை" கட்சிக்கு உலகத்திலிருந்தே பதில் இருக்கிறது. 1997-ல் ஸ்வீடனில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் ஒரு தடையைத் தவிர்க்கும் சோதனையில் கவிழ்ந்தது. கடைசியில் கம்பெனியே சஸ்பென்ஷனைத் திருத்தி, இஎஸ்பி மாட்டிக் கொடுத்தது. அதிவேக விபத்துகளுக்குப் பிறகு முதல் தலைமுறை ஆடி டிடி கார்களைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனை மாற்றி, பின்னால் ஸ்பாய்லர் வைத்தார்கள். எல்லாப் பழியும் டிரைவர் தலையில் என்றால் இந்தச் செலவெல்லாம் எதற்கு?

நம்மூர் சம்பந்தப்பட்ட கதையும் உண்டு. 2005 அமெரிக்க கிராண்ட் பிரீயில், ஒரு திருப்பத்தில் தங்கள் டயருக்கு உத்தரவாதம் தர முடியாது என்று மிச்செலின் சொல்லிவிட்டது. 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே ஒதுங்கின. ஓடியது 6 கார். அதில் கோவை நரேன் கார்த்திகேயன் நாலாவதாக வந்து 5 பாயின்ட் எடுத்தார். அந்தப் பாயின்ட்டைக் கேலி பேசுகிறவர்கள் பாடத்தைக் கவனிப்பதில்லை. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே, நம்பிக்கை இல்லாத டயரில் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நம்மூரில் "இன்னொரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமுங்" என்கிறோம்.

"முப்பது வருஷ மெக்கானிக்குக்குப் பாடமா?" என்று சண்டைக்கு வருவார்கள். அவர் காது பெரிய சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காது ரோட்டில் பழகினது. வேகம் ரெண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அதுவும் 2.1 கிலோமீட்டர் டிராக்கில் ஆறுவதற்கு நேரமே இல்லாமல் மறுபடி மறுபடி.

உண்மையான கோளாறு பட்டறையிலும் இல்லை, பில்லில் இருக்கிறது. டாக்டர் நாடி பார்த்தால் மருந்து எழுதாவிட்டாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் ரெண்டு மணி நேரம் நூல் பிடித்துப் பார்த்து, "புஷ் மட்டும்தாங் போயிருக்குது" என்றால், "சும்மா பார்த்ததுக்கு எதுக்குங் காசு?" என்கிறோம். பார்ப்பதற்குக் கூலி இல்லை, மாற்றுவதற்குத்தான் கூலி என்றால் அவர் எதைச் செய்வார்? நல்ல பேட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார். தப்பு அவர் மேல் பாதி, நம் மேல் பாதி.

மலிவாக ரேஸ் கார் செய்ய முடியும் என்று ஃபார்முலா மாருதியைச் செய்து காட்டியவர் கரிவர்தன். 1995-ல் விமான விபத்தில் இறந்த அவர் பெயரைத்தான் அந்த டிராக் தாங்கி நிற்கிறது. மலிவு என்றால் யோசிக்காமல் இருப்பது இல்லை, யோசித்து மிச்சம் பிடிப்பது.

இன்னொன்று. டிராக்கில் வாலாட்டினால் மண்ணில் போய் நிற்கலாம். அதே கார்தான் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறது. மறுநாள் அம்மாவையும் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு ஈரோடு ரோட்டில் போகப் போகிறது. அங்கே எதிரில் வருவது லாரி.

அடுத்த தடவை "பேட் மாத்துங்" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்படிங் கண்டுபிடிச்சீங்க?" பதில் வந்தால் காசு கொடுங்கள். வராவிட்டால் ஒரு நூல்கண்டு வாங்குங்கள்.