தென் துருவத்துப் பனியும் பகான் டத்தோ மதகும்

மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்டார்டிக்கா போகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், "தாமான்ல கால்வாய் அடைச்சுக் கிடக்கு, இவங்களுக்குப் பனிமலைல என்ன வேலை?" என்று நம்மவர் கேட்பது வழக்கம். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் நம் மக்களிடம் சரியாக வந்து சேரவில்லை.

நாட்டுக்கும் அந்தக் கண்டத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. ஒரு சில நாடுகள் மட்டும் கூடி அண்டார்டிக்காவை நிர்வகிப்பது சரியல்ல என்று 1982இல் ஐ.நா. பொதுச் சபையில் குரல் எழுப்பியவர் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர். பிறகு 1999 முதல் நம் விஞ்ஞானிகள் நியூசிலாந்தின் ஸ்காட் தளத்தில் இடம் பெற்று ஆய்வு செய்யத் தொடங்கினர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தேசிய ஆய்வு மையம் உள்ளது. 2011இல் அண்டார்டிக்கா உடன்படிக்கையிலும், 2016இல் அங்கு கனிமச் சுரங்கத்தைத் தடைசெய்யும் மாட்ரிட் நெறிமுறையிலும் மலேசியா சேர்ந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நமக்கு ஓட்டு இல்லை. கணிசமான ஆய்வு செய்து காட்டும் நாடுகளுக்குத்தான் முடிவெடுக்கும் உரிமை. ஆகவே அங்கே எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையும் ஒரு வகையில் நாட்டின் வாக்குச் சீட்டுக்கான விண்ணப்பம்.

சரி, பனிக்கு வருவோம். தே ஐஸ் கிளாசில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் கிளாஸ் வழியாது. வெளியிலிருந்து இன்னும் இரண்டு கட்டி போட்டால்தான் வழியும். அதுபோல, கடலில் மிதக்கும் பனி உருகுவதால் பெரிய சிக்கல் இல்லை. நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலுக்குள் இறங்குவதுதான் சிக்கல். மேற்கு அண்டார்டிக்காவின் துவைட்ஸ் பனியாறு ஒன்று மட்டும் முழுதாகச் சரிந்தால், உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும் என்று கணித்துள்ளனர்.

பலருக்குத் தெரியாத ஒன்று இதில் உண்டு. அவ்வளவு பெரிய பனிப்பாளம் தன் ஈர்ப்பு விசையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளரும். அங்கே கடல் தாழும். தொலைவில் உள்ள நம்மைப் போன்ற வெப்பமண்டலக் கரைகளில் உலகச் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். தூரத்தில் இருப்பதால் நமக்குப் பாதிப்பில்லை என்று நினைப்பது, இந்த விஷயத்தில் நேர்மாறான கணக்கு. வெப்ப வாயுக்கள் குறையாமல் போனால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று அண்டை நாடான சிங்கப்பூர் 2024இல் வெளியிட்ட ஆய்வில் கூறியிருக்கிறது.

இறையனார் களவியல் உரையில் கபாடபுரத்தைக் கடல் கொண்ட கதையைப் படித்தவர்களுக்குக் 'கடல்கோள்' என்ற சொல் புதிதல்ல. ஆனால் இப்போது நடப்பது ஓர் இரவில் ஊரை விழுங்கும் கதை அல்ல. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

படவேண்டிய இடம் நம் மேற்குக் கரைத் தோட்டங்கள். கேரித் தீவு, சபாக் பெர்ணம், பகான் டத்தோ பக்கம் செம்பனை நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி, ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து, தடுப்புக்கரை போட்டு மீட்கப்பட்டது. அந்தக் கரைகளிலும் கால்வாய்களிலும் மண் சுமந்தவர்களில் நம் முன்னோர்களும் உண்டு. அங்கே மழைநீர் வெளியேற மதகுகள் உள்ளன. கடல் வற்றும்போது மதகைத் திறப்பார்கள், தோட்டத்து நீர் ஓடும். கடல் பெருகும்போது மூடுவார்கள். கடல்மட்டம் ஏற ஏற, மதகு திறந்திருக்கும் நேரம் சுருங்கும். கரை உடைய வேண்டியதே இல்லை. கனமழையும் கடல்பெருக்கும் ஒரே நாளில் வந்தால், நீர் வெளியே போக வழியின்றி லயத்து வாசலில் நிற்கும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா மக்கள் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கிறது. அந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

இங்கேதான் சட்டம் வருகிறது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் உச்ச அபராதத்தை 2024இல் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் அது ஆற்றில் கழிவு கொட்டும் தொழிற்சாலையைப் பிடிக்கும் சட்டம்; ஏறும் கடலுக்கு யாருக்குச் சம்மன் கொடுப்பது? கூட்டரசு அரசியலமைப்பில் தூய சுற்றுச்சூழல் உரிமை என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. எனினும் 1996இல், ஆசிரியர் ஒருவரின் பணிநீக்க வழக்கில், 'வாழும் உரிமை' என்பதில் மாசற்ற சூழலில் வாழ்வதும் அடங்கும் என்று விளக்கம் தந்தார் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். நம் சட்ட மாணவர்கள் இன்னும் நன்றாகப் பயன்படுத்த வேண்டிய ஆயுதம் அது.

மாணவர்களால் என்ன ஆகும் என்று கேட்கலாம். 2019இல் வனுவாட்டு நாட்டிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 27 சட்ட மாணவர்கள் தொடங்கிய முயற்சிதான், ஐ.நா. வழியாக அனைத்துலக நீதிமன்றம் வரை போனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலை 23ஆம் தேதி அந்நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது.

மலேசியாவும் தேசியப் பருவநிலை மாற்றச் சட்ட மசோதாவைத் தயாரித்து வருகிறது. அதில் கரிமக் கணக்கு, தொழில் நிறுவனங்களின் கடமை பற்றியே அதிகம் பேசப்படுகிறது. நமக்கு வேண்டிய கேள்விகள் வேறு. தோட்ட நிறுவனம் லாபமில்லை என்று கடலோர நிலத்தைக் கைவிட்டால், தடுப்புக்கரையையும் மதகையும் யார் பராமரிப்பது? நிலப்பட்டா இல்லாமல் லயத்தில் வாழும் குடும்பத்துக்கு இழப்பீடு எந்தக் கணக்கில் வரும்? இடம்பெயர நேர்ந்தால் தமிழ்ப்பள்ளியும் கோயிலும் எங்கே போகும்? தோட்டத் துண்டாடலின்போது இந்தக் கேள்விகளை நாம் தாமதமாகக் கேட்டோம். இம்முறை மசோதா சட்டமாகும் முன்பே நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வைக்கலாம்.