கூலி வேறு, ஊகத்துக்குப் போடும் பில் வேறு

தோழர்களே, கூட்டங்களுக்குப் போய்வர நாங்கள் பங்கு போட்டு வாங்கிய பழைய மாருதி 800 வழியில் சூடேறி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். சரியாகவில்லை. எங்களைக் கேட்காமலே வாட்டர் பம்ப்பையும் மாற்றினார்கள். அப்போதும் அதே சூடு. பில் மட்டும் 7,400 ரூபாய்.

கூலிக்காகக் குரல் கொடுக்கிற நாமே கூலியை மறுக்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். கழற்றிப் பார்த்த உழைப்புக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். சோதிக்காமல் ஊகத்தில் மாற்றிய பாகத்துக்கு நாம் ஏன் அழவேண்டும்? காருக்கு அடியில் படுத்து வேலை செய்த பையனுக்கு அந்தப் பில்லில் எவ்வளவு போயிருக்கும்? கோபத்தை அவனிடம் காட்டாதீர்கள், முதலாளியிடம் பேசுங்கள்.

பணம் வரும்வரை வண்டியைத் தரமாட்டேன் என்பார். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவில் அதற்கு இடம் உண்டு. அதனால் பில்லிலேயே ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறோம்’ என்று எழுதிக் கட்டினோம். பழைய பாகங்களையும் கேட்டு வாங்கினோம். பம்ப்பில் ஒரு கசிவும் இல்லை! தெருமுனை மெக்கானிக் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்: ரேடியேட்டர் ஃபேன் சுற்றவே இல்லை, சுவிட்ச் போயிருந்தது.

முதலில் எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் 1915-க்குப் போன் போடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எங்கள் கடிதம் போன இரண்டாவது வாரம் பம்ப்பின் விலை திரும்பி வந்தது. தெர்மோஸ்டாட் காசுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.