தந்தை பெயர் சொல்லும் கல்

பழஞ்சின்னங்கள் என்றவுடன் பேரரசர் எழுப்பிய மாளிகைகளும் வானளாவிய கோபுரங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு நாட்டின் நீண்ட கதை முழுவதும் சில வேளைகளில் ஒரு சிற்றூரின் எல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதுண்டு. அத்தகைய சிற்றூர் ஒன்றுக்கு இவ்வாரம் நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையிலே பெம்புரோக்சயர் என்றொரு பகுதி உண்டு. அங்கே நவர் என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கில், மரங்கள் சூழ அமைந்திருக்கின்றது இவ்வூர். ஊரார் தம் மொழியில் இதனை நன்ஹவர் என்பர்; ஆங்கிலத்திலோ இதன் பெயர் நெவெர்ன். ஒரு பழைய தேவாலயம், ஒரு கற்பாலம், சில வீடுகள், மேலே ஒரு குன்று: ஊர் இவ்வளவே.

தேவாலய முற்றம்

இத்தேவாலயம் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரினாக் என்னும் அடியாரின் பெயரால் விளங்குகின்றது. வாயிலுக்குச் செல்லும் வழியின் இருமருங்கிலும் யூ என்னும் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றின் கிளை வெட்டுண்ட இடத்திலிருந்து இரத்தம் போன்ற செந்நிறச் சாறு வடிகின்றது. குற்றமற்ற துறவி ஒருவரை இம்மரத்திலே தூக்கிலிட்டனர் என்றும், அதனாலேயே மரம் இன்றும் குருதி சிந்துகின்றது என்றும் ஊரார் கதை சொல்வர்.

முற்றத்திலே ஏறக்குறைய 13 அடி உயரமான கற்சிலுவை ஒன்று நிற்கின்றது. இது 10ஆம் அல்லது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் வீட்டு வாசல்களிலே பெண்கள் இடும் பின்னற் கோலங்களைப் போல, தொடக்கமும் முடிவும் காணவியலாத இழைகள் அதன் நான்கு புறமும் செதுக்கப்பட்டுள்ளன. பிரினாக்கின் திருநாளாகிய ஏப்ரல் 7ஆம் நாளன்று, அவ்வாண்டின் முதற் குயில் இச்சிலுவையின் உச்சியில் வந்தமர்ந்து கூவும் என்பது ஐதிகம். ஓராண்டு குயில் வரத் தாமதித்ததாம். குருவானவரும் மக்களும் பூசையைத் தொடங்காது காத்திருந்தனர். நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த குயில், ஒருமுறை கூவிவிட்டு அவ்விடத்திலேயே விழுந்து உயிர் நீத்தது என்பர். மெய்யோ பொய்யோ, ஒரு சிறு பறவைக்காக ஊரே காத்திருந்தது என்று சொல்லி மகிழும் மக்களை நாம் விரும்பாதிருத்தல் எங்ஙனம்?

இரு மொழிக் கற்கள்

ஆயினும் நாம் இவ்வூரைத் தேடி வந்தது மரத்துக்காகவும் அன்று, சிலுவைக்காகவும் அன்று. தேவாலயத்தின் உள்ளே, தென்புறச் சாளரம் ஒன்றின் அடிக்கல்லாகக் கிடக்கும் ஒரு நீண்ட கல்லுக்காகவே வந்தோம்.

உரோமர் பிரித்தானியாவை விட்டு நீங்கியது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அக்காலத்தை ஒட்டி அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்த மக்கள் இக்கரையோரத்திலே குடியேறினர். அவர்கள் தம்முடன் ஒகம் என்னும் விந்தையான எழுத்து முறையையும் கொண்டுவந்தனர். அதற்கு மையும் வேண்டா, ஏடும் வேண்டா. கல்லின் விளிம்பே கோடு. அவ்விளிம்பின் ஒரு பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை கீறினால் ஐந்து எழுத்துக்கள். மறுபக்கத்திற் கீறினால் வேறு ஐந்து. விளிம்பைக் கடந்து சாய்வாகக் கீறினால் மேலும் ஐந்து. விளிம்பிலே இடும் சிறு வெட்டுக்கள் ஐந்து உயிரெழுத்துக்களாம். ஆக இருபது எழுத்துக்கள். மரத்தில் ஏறுவதுபோலக் கீழிருந்து மேலாக இதனைப் படித்தல் வேண்டும்.

சாளரக் கல்லிலே இந்த ஒகம் எழுத்திற் பழைய ஐரிஷ் மொழியும், உரோம எழுத்தில் இலத்தீன் மொழியும் ஒருங்கே காணப்படுகின்றன. இரண்டும் கூறுவது ஒன்றே: ‘குளுத்தோரியின் மகனாகிய மக்லோகுனுவின் கல்.’ இலத்தீனில் மகன் என்பதற்கு ‘பிலி’ என்றும், ஐரிஷிலே ‘மக்கி’ என்றும் பொறித்துள்ளனர். வாயிலருகே நிற்கும் மற்றொரு கல்லிலும் வித்தாலியானு என்ற உரோமப் பெயர் இரு எழுத்துக்களிலும் உள்ளது. இவை 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டுக்குரியவை. அயலூராகிய சென் டொக்மேல்ஸிலும் இத்தகைய இருமொழிக் கல் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஒகம் எழுத்தின் வாசிப்பை அறிஞர் உறுதிப்படுத்துதற்கு அக்கல் பெருந்துணை புரிந்தது.

மக்லோகுனு யார்? அவன் வென்ற போர் எது? ஆண்ட நிலம் எது? கல் ஒன்றுங் கூறவில்லை. அவன் யாருடைய மகன் என்பதை மாத்திரமே கூறுகின்றது. இறந்த ஒருவனைப் பற்றி உலகம் அறியவேண்டியது அதுவே என்று அக்கால மக்கள் கருதினர் போலும். தந்தையின் பெயர் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே வைத்தெழுதும் நமக்கு இவ்வழக்கம் புதியதன்று. வேல்ஸ் மக்களும் நெடுங்காலம் இவ்வாறே வாழ்ந்தனர். அவர்கள் மொழியில் மகன் என்பதற்கு ‘மாப்’ என்று பெயர். பெயர்களுக்கிடையே அது ‘அப்’ எனக் குறுகும். இன்று நாம் கேள்வியுறும் பிறைஸ் என்ற குடும்பப் பெயர், ரீஸின் மகன் எனப் பொருள்படும் ‘அப் ரீஸ்’ என்பதன் திரிபேயாம்.

குன்றின் மேற் கோட்டை

இனி, தேவாலயத்தை விட்டு அருகிலுள்ள குன்றின்மேல் ஏறுவோம். அங்கே இன்று மண்மேடுகளும் அகழிகளும் மரங்களுமே உள. 1108ஆம் ஆண்டளவில் நோர்மானியப் பிரபுவான ரொபேட் பிட்ஸ் மார்ட்டின் இங்கே கோட்டை அமைத்தான். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் வேல்ஸின் பெரும்பகுதியில் ரீஸ் பிரபு என்னும் தலைவனின் ஆணை சென்றது. 1176இல் கார்டிகன் கோட்டையிலே புலவரையும் பாணரையும் கூட்டிப் பெருவிழா எடுத்துப் பரிசளித்தவன் அவனே. அவன் தன் மகள் அங்காரட்டை இக்கோட்டைக்குரிய வில்லியம் பிட்ஸ் மார்ட்டினுக்கு மணஞ்செய்து கொடுத்திருந்தான்.

ஆனால் 1191இல் அம்மருமகனிடமிருந்தே ரீஸ் இக்கோட்டையைப் பறித்தான். மருமகனுக்குத் தீங்கு செய்யேன் எனப் புனிதப் பொருள்கள் மீது ஆணையிட்டிருந்தும் அதனை மீறினான் என்று, அவனுடைய உறவினரும் அக்கால எழுத்தாளருமான ஜெரால்ட் குறித்து வைத்துள்ளார். பறித்த கோட்டையை ரீஸ் தன் மகன் கிரிபித்துக்குக் கொடுத்தான்.

மூன்றே ஆண்டுகள் சென்றன. 1194இல் ரீஸின் புதல்வர்களே தந்தையைப் பிடித்து, அதே கோட்டையிற் சிறைவைத்தனர். தந்தையைச் சிறையில் வைத்திருந்த மகனின் பெயர் மைல்கூன். மற்றொரு மகனான ஹவெல், மைல்கூனை ஏமாற்றித் தந்தையை விடுவித்தான். 1195இல் கோட்டையை ஹவெலே இடித்துத் தகர்த்தான். 1197இல் ரீஸ் காலமானான்.

மாணவர்கள் இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மைல்கூன் என்பது வேறு பெயரன்று. கீழே தேவாலயக் கல்லிலுள்ள மக்லோகுனு என்ற பழம்பெயரே காலப்போக்கில் உருமாறி மைல்கூன் ஆயிற்று. ஒரே ஊர், ஒரே பெயர். குன்றின் அடியிலே ஒருவன் தந்தையின் பெயரைத் தவிர வேறு புகழ் வேண்டாதவனாய்க் கிடக்கின்றான். குன்றின் உச்சியிலே மற்றொருவன் தந்தையையே சிறையில் அடைத்தான். இடையே ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளும், சில நிமிட நடையுமே உள்ளன.

எஞ்சியது எது?

அண்மைக் காலத்தில், 2008ஆம் ஆண்டு முதலாக, டர்ஹம் பல்கலைக்கழகத்தார் இக்குன்றை அகழ்ந்து ஆராய்ந்தனர். மண்ணைக் குழைத்துப் பலகைக்கற்களை அடுக்கிய சுவர்களும், 12ஆம் நூற்றாண்டினர் உருவங்களைக் கீறிய கற்களும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆணையை மீறிப் பெற்ற கோட்டை, மண்ணைத் தோண்டித் தேடவேண்டிய நிலையை அடைந்துவிட்டது.

மக்லோகுனுவின் கல்லோ தேவாலயத்தைக் கட்டியவர் கையில் வெறுங்கல்லாகவே அகப்பட்டது. அதன் எழுத்தைப் படிக்க அவர்கள் அறிந்திலர். நல்ல நீளமான கல் என்றெண்ணிக் கட்டடத்திற் பதித்துவிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் அது அறிஞர் கண்ணிற் பட்டது. கட்டடத்துள் மறைந்திருந்தமையால் மழையும் காற்றும் அதனைத் தீண்டவில்லை. இன்று சாளரத்தின் ஒளி அதன்மேல் விழுகின்றது. குளுத்தோரியின் மகன் என்ற சொல் இன்னும் தெளிவாகவே இருக்கின்றது.

நேயர்களே, அக்கல்லை வெட்டுவித்தவர் யார் என்பது தெரியாது. ஆயினும் ஒரு தந்தையின் பெயரும் ஒரு மகனின் பெயரும் பிரியலாகாது என்று அவர் எண்ணியமை வீண்போகவில்லை. நம்மில் எத்தனை பேர் பாட்டனாரின் தந்தை பெயரை அறிவோம்? வீட்டிலே முதியோர் இருக்கும்போதே கேட்டறிந்து, பிள்ளைகள் அதனை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. அதற்குக் கல்லும் உளியும் வேண்டியதில்லை.