கண்தானமும் தோட்ட மக்களும்

தோட்டத் தொழிலாளர் கண்தானத்திற்குப் பின்னிற்பது அவர்தம் மூடநம்பிக்கையினால் எனக் கூறுவோர் உளர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் லயங்களுட் காலடி வையாதவர்க்கே இக்கூற்று எளிதில் வாய்க்கும்.

கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் கதை கேட்டு வளர்ந்த மரபினருக்குக் கண்ணைக் கொடுத்தல் என்னுங் கருத்துப் புதிதன்று. சிபி மன்னன் கண்ணீந்த கதை பௌத்தரிடையேயும் உண்டு. ஆயின் கதை மட்டும் ஓர் இயக்கத்தைத் தோற்றுவித்துவிடாது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1958 இல் பத்திரிகையில் எழுதினார்; 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார்; 1964 இல் பனிக்கட்டியிட்ட குடுவையிற் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. சிங்கள மக்களிடம் அச்சமே இல்லாதிருந்தமையால் அன்று, அவ்வச்சத்தை அவர்தம் மொழியிற் பேசித் தீர்க்க ஆளிருந்தமையாலேயே அவ்வியக்கம் வேரூன்றியது. தோட்டத்திற்கு அத்தகைய ஆள் எத்தனை முறை வந்தார் என்பதையன்றோ முதலிற் கேட்டல் வேண்டும்?

இறந்தபின் ஒருசில மணி நேரத்துள் கண் எடுக்கப்படல் வேண்டும். தெரணியகலைக்கு அப்பால் மலைச்சரிவிலுள்ள லயமொன்றில் நள்ளிரவில் ஒருவர் இறப்பின், மரணத்தை உறுதிசெய்ய வைத்தியர் வேண்டும், வாகனம் வேண்டும், அது ஏறத்தக்க பாதையும் வேண்டும். இவையின்றேல் குடும்பத்தார் முழுமனத்தோடு இசையினும் அக்கண் மண்ணுக்கே போகும். இதனை மூடநம்பிக்கையின் கணக்கில் எழுதுதல் நேர்மையாகாது.

கொடுப்பதைப் பற்றியே பேசுவோர், இழப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கவாத்து வெட்டும்போது தெறிக்குஞ் சிம்பு கருவிழிப் படலத்தைக் கீறினால், அக்கீறல் வழியே பூஞ்சணம் புகுந்து பார்வையை அழிக்கலாம். இறப்பர்ப் பாலை உறையச் செய்வது போமிக் அமிலம். உறையாது காப்பது அமோனியா. இரண்டும் கண்ணைச் சுடுவன. காரமாகிய அமோனியா மேலும் ஆழ ஊடுருவும். அவ்வாறு வெந்த கண்ணில் மாற்றுப் படலம் பொருத்தினும் அது நிலைப்பது அரிது. உடனே நெடுநேரம் நீரால் கழுவுதலே முதற் சிகிச்சை. ஆகவே பால் கொட்டுமிடத்தில் ஒரு நீர்க்குழாயும் கண்காப்புக் கண்ணாடியும் வைத்தல், தானப் பிரசங்கத்திற்கு முந்திய கடமை. செலவும் அப்படியொன்றும் பெரிதன்று.

1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டம், உறுப்பும் இழையமும் விலைப்பொருளாவதைத் தடுக்கிறது. இருந்தும் 2016 சனவரியில், கொழும்பிற் சிறுநீரக வணிகம் நடந்ததாக இந்தியப் பொலிசார் தொடர்ந்த விசாரணையை அடுத்து, வெளிநாட்டவர்க்கான சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைச் சுகாதார அமைச்சு நிறுத்தவேண்டி வந்தது. கடன்பட்டவனைத் தேடியே அவ்வணிகம் வரும். நாட்சம்பளத்தில் வாழ்பவனை அதற்கு எட்டாதவன் என எவரும் எண்ணற்க.

கைநாட்டு வாங்குதல் ஒப்புதல் பெறுதலாகாது. துரையோ கணக்கப்பிள்ளையோ நீட்டுந் தாளை மறுக்குந் துணிவு தொழிலாளிக்கு எளிதில் வாராது. எனவே தோட்ட நிருவாகத்தைச் சாராத ஒருவர், தமிழில், குடும்பத்தார் முன்னிலையில், மறுக்கவும் உரிமையுண்டு என்பதையும் சேர்த்தே விளக்குதல் வேண்டும். இதனைச் செய்யாத எந்தச் சங்கமும் தோட்ட மக்களின் அறியாமையைப் பற்றிப் பேச அருகதையற்றது.