லேஞ்சி

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் கடற்கரைக்கு இறங்கினால், வலை சீர்பார்க்கிறவர்களின் தலையில் கட்டம் போட்ட துண்டு, இடுப்பில் கட்டம் போட்ட கைலி. ஒரு கட்டத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பாவில் ஓடும் சிவப்பு ஊடைச் சிவப்பைச் சந்திக்கும் இடத்தில் அடர்ந்திருக்கும். வெள்ளையைக் கடக்கும் இடத்தில் வெளிறிவிடும். இரண்டு நிற நூலில் மூன்று நிறம். இன்று இது விசைத்தறித் துணிதான். கணக்கு மட்டும் பழையது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழவேற்காட்டிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் மலாக்காவுக்குத் துணி ஏற்றினார்கள். கைக்குட்டைக்கு அவர்கள் வைத்திருந்த சொல் யாழ்ப்பாணத்தில் லேஞ்சியாக இருக்கிறது. பொத்தான் என்ற நம் சொல்லும் அவர்கள் விட்டுப்போனதே. மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் துணிக்குப் பெயர் பலியாகாத்தே. அது நம் பழவேற்காடுதான். 1639இல் சாந்தோமுக்கு வடக்கே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரான்சிஸ் டே இடம் பிடித்தபோது கும்பினிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, இங்கே துணி 20 விழுக்காடு மலிவு என்பது. சென்னை துணிக்காகப் பிறந்த ஊர்.

பின்னாளில் இந்தக் கட்டத்துணி 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. அடிமை வணிகத்தில் மனிதருக்கு விலையாக இந்தியத் துணியைக் கொடுத்தார்கள். அதையும் சேர்த்தே இந்த வரலாற்றை எழுத வேண்டும். நைஜர் கழிமுகத்துக் கலாபாரி மக்கள் மெட்ராஸ் துணியை இன்ஜிரி என்கிறார்கள். அவர்களது பெண்கள் கத்திமுனையால் வெளிர் இழைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அறுத்து உருவி, வலைபோல் ஒளி புகும் வேறொரு துணியாக அதை ஆக்கினார்கள். அதற்குப் பெயர் பெலெத்தே பிதே, அறுத்த இழைத் துணி. இறந்தவரின் கட்டிலை இத்தகைய துணிகளால் அலங்கரிப்பது அவர்கள் வழக்கம். இங்கே ஒரு நெசவாளி கூட்டிய இழையை அங்கே ஒருத்தி கழித்து அழகாக்கியிருக்கிறாள் என்பது என்னைப் பல நாள் விடவில்லை.

இதை ஆராய்ந்து எழுதியவர்கள் அமெரிக்காவின் ஜோவேன் ஐக்கரும் நைஜீரியாவின் டோனியே எரெகோசிமாவும். நாம் துணி வரலாறு என்றால் காஞ்சிப் பட்டு, கல்யாணப் புடவை, கதர் என்று நிறுத்திக்கொண்டோம். கைலிக்கு எதற்கு வரலாறு என்று விட்டதில் சாதி இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்த இதழ் துணிச் சிறப்பிதழ். பாவோட்டம், பண்ணை, அச்சு, கஞ்சி என்று தறிவீட்டுச் சொல்லோடு எழுதக்கூடியவர்கள் அவசியம் எழுதுங்கள். மற்றவர்கள் பெட்டியடியில் கிடக்கும் ஏதாவது ஒரு துணியைப் பற்றி எழுதுங்கள்: யார் உடுத்தியது, எங்கே எடுத்தது, எத்தனை துவைப்பில் சாயம் போனது, கிழிந்த பிறகு தூளியானதா, கரித்துணியானதா.