வயதா, தகுதியா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதனைத் தரிசித்துவிட்டுப் படியிறங்கும்போது, கீழே நிற்கும் என் பழைய ஜிப்ஸியைச் சுட்டிக்காட்டி நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?” 2012-இல் வாங்கிய பெட்ரோல் வண்டி அது. நான் பணியில் இருந்த காலத்தில் உத்தராகண்டின் மலைச்சாலைகளிலும் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் கற்பாதைகளிலும் எங்கள் குடும்பத்தைச் சுமந்தது. அடுத்த ஆண்டு அதற்குப் பதினைந்து வயது நிறைகிறது. நாட்டின் பிற பகுதிகளில், வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வயது அது. தில்லியிலோ, வண்டியின் ஆயுள் முடிவாகவே கருதப்பட்டு வந்த வயது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015 ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகளின்படி, தலைநகரப் பகுதியில் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் வழங்குவதையே நிறுத்தும் முயற்சி தொடங்கி, எதிர்ப்பின் காரணமாகச் சில நாள்களில் ஒத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பாரத் ஸ்டேஜ் 4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் உரிய வண்டிகளுக்கு மட்டுமே என்று திருத்தியது.

இந்த வாதப் பிரதிவாதங்களின்போது நண்பர்கள் வட்டத்தில் நானும் உரக்கப் பேசியவன்தான். ‘வண்டியின் நிலையைப் பாருங்கள், பிறந்த ஆண்டைப் பார்க்காதீர்கள்’ என்பது என் கட்சி. இன்றும் அதுவே என் கட்சி. ஆனால், அந்தக் கோரிக்கையை வைக்க நமக்குத் தகுதி இருக்கிறதா என்ற கேள்வியைக் கொடைக்கானலில் உள்ள என் மைத்துனர் எனக்குள் எழுப்பிவிட்டார்.

அவர் மேல்மலைக் கிராமங்களுக்கு வாடகை ஜீப் ஓட்டுபவர். அந்த ஜீப் என் ஜிப்ஸியைவிட மூத்தது. வாடகை வாகனங்கள் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் சோதனைக்குச் சென்று, எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்றைப் பெற வேண்டும். சென்ற முறை அங்கே தங்கியிருந்தபோது, அதற்காக அவர் வண்டியை ஆயத்தம் செய்வதை உடனிருந்து பார்த்தேன்.

முதல் வேலை கழுவுவது. மேற்பூச்சைப் பளபளக்கச் செய்வதற்காக அன்று. மலைப்பாதையின் சேறு அடிப்பகுதியில் அப்பிக்கொண்டு ஈரத்தைத் தேக்கி வைக்கும். துரு அங்கேதான் தொடங்கும். சேற்றை நீக்கியபின் சேசிஸை ஒரு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸில் பொருந்தும் இடங்களை இரண்டு முறை தட்டினார். பின்னர் நான்கு சக்கரங்களையும் கழற்றி, பிரேக் லைனிங்கின் தேய்மானத்தையும், எண்ணெய்க் கசிவையும் பார்த்தார். ஒரு பக்கச் சக்கரம் முன்னதாகவும் மறுபக்கம் தாமதமாகவும் பிடித்தால், பிரேக் மிதித்த கணத்தில் வண்டி ஒருபக்கம் இழுக்கும். சமவெளியில் அது சோதனையில் தோல்வி. மலை வளைவில் அது பள்ளம். ஸ்டியரிங்கில் ஆட்டம் உண்டா, முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழுகிறதா, டயரின் பள்ளம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பழைய நோட்டில் குறித்துக்கொண்டார்.

“சோதனைக்காக இவ்வளவா?” என்றேன். “அத்தான், சோதனை ஒருநாள்தான். மீதி நாளெல்லாம் இதில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுகிறார்களே” என்றார். அந்த நோட்டில் ஆண்டு முழுவதும் மாதாமாதம் குறிப்புகள் இருந்தன. அவர் புதிதாக எதையும் ஆயத்தம் செய்யவில்லை. ஏற்கெனவே செய்துவந்ததை ஒருமுறை கூட்டிப் பார்த்தார், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான ஆயத்தமும் உண்டு. சோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவோர் உண்டு. பம்பரின் முன் பொருத்திய இரும்புத் தடுப்பையும் கூடுதல் விளக்குகளையும் முதல்நாள் கழற்றி, மறுநாள் மாட்டுவோர் உண்டு. நான் மட்டும் விலக்கு என்று சொல்ல மாட்டேன். என் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சான்று பெற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மையத்தில் சோதனைக் குழலைப் புகைபோக்கியில் முறையாக நுழைக்காமலேயே சான்றை நீட்டினார்கள். நேரம் மிச்சம் என்று மகிழ்ந்து வாங்கி வந்தேன். என் வண்டி வெளியிடும் கார்பன் மோனாக்சைடு அனுமதிக்கப்பட்ட 0.3 சதவீதத்துக்குள் இருந்ததா என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இது என் ஒருவனின் சிறு பிழை அன்று. 2025 ஏப்ரலில் தில்லிச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, வரம்பை மீறிப் புகை வெளியிட்ட 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்று வழங்கப்பட்டிருப்பதைக் காட்டியது. 76,865 நேர்வுகளில், சோதித்துச் சான்று அளிக்க ஒரே ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது.

வயது விதி ஏன் வந்தது என்பதற்கான விடை இந்த எண்களில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பிறந்த ஆண்டைத் திருத்த முடியாது. அதை அளக்கக் கருவி தேவையில்லை. ஆய்வாளரின் தயவு தேவையில்லை. வண்டியின் உண்மையான நிலையைச் சொல்லும் சோதனை நம்பத்தக்கதாக இல்லாதபோது, வயது ஒன்றே அரசின் கையில் எஞ்சும் அளவுகோல். சோதனையை நாம் பொய்யாக்கினோம். அதனால் காலண்டர் நீதிபதியானது.

மறுப்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. புகைச் சான்றுக்கான சோதனை நுண்துகளை அளப்பதில்லை. அதில் தேறிய பழைய வண்டியும் புதிய வண்டியைவிடக் கூடுதலாக நச்சை உமிழக்கூடும். குளிர்காலத் தில்லியில் மூச்சுத் திணறும் குழந்தையின் முன் என் ஜிப்ஸி மீதான பற்று பெரிதன்று. ஆகவே சோதனை இப்போதுள்ளதைவிடக் கடுமையாக வேண்டும் என்றே கேட்கிறேன். நுண்துகளையும் அது அளக்கட்டும். அதில் என் வண்டி தோற்றால், பழைய இரும்பாக அதை ஒப்படைக்க நான் தயார். தேறினால், பதினைந்து என்ற எண் அதைத் தடுக்கலாகாது.

வங்கி வாடிக்கையாளர்களான நமக்கு இது புரியாத செய்தி அன்று. தணிக்கை நாளில் மட்டும் கையிருப்பைச் சரியாகக் காட்டும் கணக்கை யாரும் நல்ல கணக்கென்று சொல்வதில்லை. மைத்துனரைப் பின்பற்றி நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுவது, பிரேக் எண்ணெயைப் பார்ப்பது, டயரை அளப்பது. செய்ததைத் தேதியிட்டு எழுதுவது. பழுதுச் செலவு ஒரே நாளில் வந்து மிரட்டாதிருக்க, மாதந்தோறும் ஒரு சிறு தொகை தொடர் வைப்பில் சேர்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் குறுக்குவழி மீது வரும் சபலத்தில் பெரும்பகுதி, கையில் பணமில்லாத நேரத்தில் வருவதுதான்.

சென்ற மாதம் புகைச் சான்றுக்குப் போனேன். மையத்தில் இருந்த இளைஞர் வழக்கம்போல் அவசரப்பட்டார். குழலை முழுவதும் நுழைத்து, எண் நிலைபெறும்வரை காத்திருக்குமாறு கேட்டுக்கொண்டேன். பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார். அந்தச் சில நிமிடங்கள் என் வண்டிக்கு நான் செய்யக்கூடிய மிகச் சிறந்த வாதமாக எனக்குப் பட்டன.