யூனானி என்றால் கிரேக்கம்

பரீட்சை முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்காத உறவினர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. பேராதனை கிடைத்தால் கிரேக்க, உரோம நாகரிகம் படிக்க விருப்பம் என்று போன பெருநாளன்று சொல்லிவிட்டேன். வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாச்சா கரண்டியை வைத்துவிட்டார். "சிலைகளைக் கும்பிட்டவங்கட கதை எங்கட பிள்ளைக்கு எதற்கு?" என்றார். உம்மாவின் கேள்வி வேறு. "படிச்சிட்டு எங்க வேலை எடுப்பாய்?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உம்மம்மாவுக்கு மூட்டுவலி வந்தால் யூனானி வைத்தியரிடம்தான் போவோம். அது எங்களுடைய வைத்தியம் என்றே வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. 'யூனான்' என்பது அரபியில் கிரேக்க நாட்டின் பெயர். யூனானி என்றால் கிரேக்கருடையது. அந்த வைத்தியத்தில் பெயர் சொல்லப்படும் புக்ராத், கிரேக்கரான ஹிப்போகிரட்டீஸ். ஜாலீனூஸ், உரோமில் வாழ்ந்து கிரேக்கத்தில் எழுதிய கேலன். இப்னு ஸீனா இவர்களைக் கற்றுத்தான் தம் மருத்துவ நூலை எழுதினார். சாச்சாவும் அந்த மருந்தைக் குடித்தவர்தான்!

உயர்தர இஸ்லாமிய நாகரிகத்தில் நாங்கள் பைத்துல் ஹிக்மா பற்றிப் படிக்கிறோம். கிரேக்க நூல்கள் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டன என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது? 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர், கேலனின் ஒரே ஒரு நூலைத் தேடி ஈராக், சிரியா, பலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை போனார். கடைசியில் டமஸ்கஸில் ஏறத்தாழப் பாதி நூல்தான் கிடைத்தது. ஒரு புத்தகத்துக்காக இவ்வளவு தூரம்! அந்தக் காலத்து முஸ்லிம் ஆட்சியாளர்கள் இப்படிப்பட்டவர்களை ஆதரித்துப் பணம் கொடுத்தார்கள். கிரேக்கர் சிலைகளை வணங்கியவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றைப் படித்தபோதுதான் எனக்கு ஆசை உறுதியானது. அப்பொலோனியஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞர் கூம்பு வெட்டுகள் பற்றி 8 பாகங்கள் எழுதினார். முதல் நான்கும் கிரேக்கத்தில் இருக்கின்றன. 5, 6, 7 ஆகியவை அரபு மொழிபெயர்ப்பில் மட்டுமே எஞ்சியுள்ளன. எட்டாவது தொலைந்தே போய்விட்டது. ஆகவே கிரேக்கரை முழுமையாக அறிய அரபும் வேண்டும். எங்கள் கல்லூரியில் அரபை ஒரு பாடமாக எடுப்பவர்கள் இருக்கிறோம். ஓதத் தெரிவதும் மொழி தெரிவதும் ஒன்றல்ல, உண்மைதான். என்றாலும் இந்தப் படிப்புக்கு வரும் மற்றவர்கள் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டிய இடத்தில் எங்களுக்கு ஒரு படி ஏற்கெனவே இருக்கிறது.

எங்கள் நாட்டின் கதையும் அங்கே இருக்கிறது. காற்றில் அள்ளுண்டு தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, வந்து சேர்ந்த ஓர் உரோமானியனைப் பற்றி பிளினி எழுதியிருக்கிறார். அவனிடமிருந்த நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருப்பதைப் பார்த்து இங்குள்ள அரசன் வியந்தானாம். அப்படிப்பட்டவர்கள் நேர்மையானவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நம்பி, கிளோடியஸ் காலத்தில் நான்கு தூதர்களை அனுப்பினானாம். எடை குறையாத காசைப் பார்த்து ஒரு நாட்டை நம்பியது எனக்குப் பிடித்திருக்கிறது. கண்டி நகரில் கடை வைத்திருக்கும் எங்கள் வாப்பாமாருக்கும் பிடிக்கும்.

உம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் வேலை எதுவும் இருப்பதாக நான் சொல்லமாட்டேன். கலைப் பிரிவில் பல பாடங்களின் நிலை அதுதான். ஆனால் இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் தோற்றலாம். என் உண்மையான பயம் வேலையல்ல, ஆங்கிலம். இதற்கான நூல்கள் தமிழில் மிகக் குறைவு. தமிழ்மொழி மூலம் படித்த நான் இரவில் அகராதியோடுதான் உட்கார வேண்டியிருக்கும்.

வாப்பா மட்டும், "பெறுபேறு வரட்டும் மகள்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் மறுக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பேராதனையில் தொன்மொழிகள் துறையும், அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறையும் ஒரே கலைப்பீடத்தில் இருக்கின்றன. கண்டியிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், இங்கே படித்துவிட்டுப் போனவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று அவரையே கேட்க வைக்கப் போகிறேன்.